பெண் பிள்ளைகளின் குற்றமும் பெரியவர்களின் கணக்கும்: மீடா செஸ்னி-லிண்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த மீடா செஸ்னி-லிண்ட்?

அமெரிக்கக் குற்றவியலாளர். 1947ல் பிறந்தவர். வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள விட்மன் கல்லூரியில் 1969ல் பட்டம் முடித்துவிட்டு, மேற்படிப்புக்காக ஹவாய் பல்கலைக்கழகத்துக்குப் போனார். போனவர் அங்கேயே தங்கிவிட்டார். மனோவா வளாகத்தில் சமூகவியலில் முனைவர் பட்டம் வாங்கி, பிறகு அதே வளாகத்தில் மகளிரியல் பேராசிரியராக நீண்ட காலம் இருந்தார். 2019ல் அமெரிக்கக் குற்றவியல் சங்கத்தின் தலைவர்.

அவருடைய உழைப்பில் பெரும்பங்கு ஒரே சந்தேகத்தைச் சுற்றித்தான் போயிருக்கிறது. பெண் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று ஒரு புள்ளிவிவரம் வரும்போதெல்லாம், பிள்ளைகளின் நடத்தை மாறியதா, இல்லை அதைக் குற்றம் என்று எழுதுகிற கை மாறியதா என்று அவர் கேட்பார். ஹவாயின் தலைநகரான ஹானலூலுவில், நீதிமன்றத்தின் பழைய கோப்புகளில் தொடங்கிய சந்தேகம் அது.

குற்றம் குற்றம்தானே, அதில் பெண்ணியத்துக்கு என்ன வேலை?

நியாயமான கேள்வி. பதிலுக்கு, பெண்ணியம் வருவதற்கு முன் குற்றவியல் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். 1893ல் இத்தாலியின் லொம்ப்ரோசோவும் ஃபெர்ரேரோவும் பெண் குற்றவாளிகளின் மண்டை ஓட்டையும் முகத்தையும் அளந்து, இவர்கள் பரிணாமத்தில் பின்தங்கியவர்கள் என்று எழுதினார்கள். 1950ல் ஆட்டோ போலக், பெண்கள் இயல்பிலேயே மறைத்துப் பழகியவர்கள், அதனால் அவர்கள் செய்யும் குற்றங்களும் வெளியே தெரிவதில்லை என்று வாதாடினார். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருந்த விஷயம்.

மற்ற பெரிய கோட்பாடுகள் பெண்களைத் திட்டவில்லை, கண்டுகொள்ளவே இல்லை. சிறார் குற்றம் பற்றி ஆல்பர்ட் கோஹன் 1955ல் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே பையன்கள் மட்டும்தான். 1969ல் வந்த டிராவிஸ் ஹர்ஷியின் புகழ்பெற்ற ஆய்வில் பெண் பிள்ளைகளிடமும் தகவல் வாங்கியிருந்தார்கள். பகுப்பாய்வுக்கு வரும்போது அவர்களை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அதற்கான விளக்கம் அடிக்குறிப்பு அளவுக்குத்தான்.

1988ல் கேத்லீன் டேலியுடன் சேர்ந்து செஸ்னி-லிண்ட் எழுதிய ‘ஃபெமினிசம் அண்ட் கிரிமினாலஜி’ கட்டுரை இந்த நிலையை இரண்டு கேள்விகளாகப் பிரித்துக் காட்டியது. ஆண்களை வைத்துக் கட்டிய கோட்பாடு பெண்களுக்குப் பொருந்துமா என்பது ஒன்று. ஆண்களைவிடப் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவாகக் குற்றம் செய்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குற்றம் ஏன் நடக்கிறது என்று நூற்றாண்டுக் கணக்கில் ஆராய்ந்த ஒரு துறை, மிகக் குறைவாகவே குற்றம் செய்யும் பாதி மனித குலத்தைப் பற்றி ஆர்வமே காட்டவில்லை.

ஹானலூலு கோப்புகளில் அவர் என்ன பார்த்தார்?

அவருடைய பெயரை முதலில் வெளியே கொண்டுவந்தது இதுதான். மாணவியாக இருந்தபோது ஹானலூலுவின் சிறார் நீதிமன்றப் பதிவுகளைப் படித்தார். 1929 முதல் 1955 வரையிலான பழைய வழக்குகள் அவற்றில் இருந்தன. நீதிமன்றத்துக்கு வந்த பெண் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு உடல் பரிசோதனை செய்யச் சொல்லி உத்தரவு போட்டிருந்தார்கள். பையன்களில் சிலருக்குத்தான் அப்படி. பரிசோதனை எதற்கு என்பது மருத்துவர்களின் குறிப்புகளில் தெரிந்தது. பிள்ளை கன்னியா இல்லையா என்று எழுதி வைத்திருந்தார்கள். வழக்கு என்னவாக இருந்தாலும், வீட்டை விட்டு ஓடியதாகவே இருந்தாலும், நீதிமன்றம் தெரிந்துகொள்ள விரும்பியது இதைத்தான்.

1973ல் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். குடும்ப நீதிமன்றம் பெண் பிள்ளைகள் விஷயத்தில் சட்டத்தைக் காப்பாற்றுவதைவிட, ‘பெண் என்றால் இப்படி இருக்க வேண்டும்’ என்ற விதியைக் காப்பாற்றுகிறது என்பது அவர் வாதம். அடக்கமும் கற்பும் கீழ்ப்படிதலும் மீறப்பட்டால் தண்டனை. பையன் சைக்கிள் திருடினால் எச்சரித்து அனுப்பும் நீதிபதி, இரவில் வீட்டுக்கு வராத பெண்ணை உள்ளே போடுகிறார்.

கட்டுரை வந்தது ‘இஷ்யூஸ் இன் கிரிமினாலஜி’ என்ற இதழில். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், குற்றவியல் பள்ளி என்ற துறையின் மாணவர்கள் நடத்திய இதழ் அது. அதே இதழில்தான், பெண் குற்றம் பற்றிய பழைய கோட்பாடுகளை வரிசையாகப் பிரித்துப்போட்ட டோரி க்ளைனின் கட்டுரையும் வந்தது. மூன்று வருடம் கழித்து, 1976ல், அந்தக் குற்றவியல் பள்ளியையே பல்கலைக்கழகம் மூடிவிட்டது. பள்ளி போனாலும் அந்த இரண்டு கட்டுரைகளும் இன்றும் பாடமாக நடக்கின்றன.

வீட்டை விட்டு ஓடுவது குற்றமா என்ன?

அமெரிக்காவில் நீண்ட காலம் கிட்டத்தட்ட அப்படித்தான். 1899ல் சிகாகோவில் முதல் சிறார் நீதிமன்றம் வந்த காலத்திலேயே, குற்றம் செய்த பிள்ளைகளோடு ‘திருத்த வேண்டிய’ பிள்ளைகளையும் அதன் கையில் கொடுத்தார்கள். வீட்டை விட்டு ஓடுவது, பள்ளிக்குப் போகாமல் சுற்றுவது, ஊரடங்கு நேரத்தில் வெளியே இருப்பது, பெற்றோர் சொல் கேட்காமல் இருப்பது. பெரியவர் செய்தால் யாரும் கேட்க முடியாது. பதினாறு வயதில் செய்தால் வழக்கு. சட்டத்தில் இவற்றுக்கு ஸ்டேட்டஸ் அஃபென்ஸ் என்று பெயர்.

இங்கேதான் பெண் பிள்ளைகள் மாட்டினார்கள். வீட்டை விட்டு ஓடியது உண்டா என்று பிள்ளைகளிடமே ரகசியமாகக் கேட்கும் ஆய்வுகளில் பையன்களும் பெண்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் ‘ஆம்’ என்கிறார்கள். ஓடியதற்காகக் கைதானவர்களை எண்ணினால் பத்தில் ஆறு பேர் பெண்கள். பையன் ஓடினால் வந்துவிடுவான் என்று காத்திருக்கும் பெற்றோர், பெண் ஓடினால் போலீசைக் கூப்பிடுகிறார்கள். போலீஸும் தேடுகிறது, நீதிமன்றமும் அடைக்கிறது. எல்லாமே அவள் நன்மைக்காகத்தான் என்று கோப்பில் எழுதியிருக்கும்.

1974ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றிய சிறார் நீதிச் சட்டம், இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பூட்டி வைப்பதை நிறுத்தும் மாநிலங்களுக்குத்தான் கூட்டாட்சி நிதி என்றது. சிறைக்கூடங்களில் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை சரியத் தொடங்கியது. நீதிபதிகளுக்கு இது பிடிக்கவில்லை. 1980ல் அவர்கள் சங்கம் வற்புறுத்தியதில் ஒரு திருத்தம் வந்தது. நீதிபதி “இனி வீட்டை விட்டு ஓடாதே” என்று எழுத்தில் உத்தரவு போடுவார். அவள் மறுபடி ஓடினால் அது ஓடிய குற்றம் இல்லை, நீதிமன்ற உத்தரவை மீறிய குற்றம். அதற்கு அடைக்கலாம்! முன்வாசலைச் சாத்திவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த வேலை.

செஸ்னி-லிண்ட் இந்தத் திருத்தத்தைப் பல வருடங்கள் விடாமல் எதிர்த்து எழுதினார். 1992ல் அந்தச் சட்டத்தைப் புதுப்பித்தபோது, பெண் பிள்ளைகளுக்கு என்ன சேவைகள் இருக்கின்றன என்று மாநிலங்கள் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சேர்த்தார்கள். அவரும் அவரைப் போன்றவர்களும் கேட்டுவந்தது அது. கொல்லைப்புற வழி இன்னும் முழுதாக மூடவில்லை. 2018ல் வந்த சட்டம்தான் அப்படி அடைத்து வைப்பதற்கு ஏழு நாள் என்று எல்லை போட்டது.

அவருடைய முக்கியமான கருத்து என்று ஒன்றைச் சொன்னால்?

1989ல் எழுதிய ‘கேர்ள்ஸ் கிரைம் அண்ட் வுமன்ஸ் பிளேஸ்’ கட்டுரையைச் சொல்வேன். ஒரு பிள்ளை வீட்டில் அடி வாங்குகிறாள், அல்லது பாலியல் கொடுமைக்கு ஆளாகிறாள். தப்பிக்க ஓடுகிறாள். ஓடியதே குற்றம் என்பதால் பிடித்து அதே வீட்டில் விடுகிறார்கள். மறுபடி ஓடுகிறாள். இந்த முறை யாரிடமும் போக முடியாது, ஏனென்றால் தேடப்படுகிறவள். சாப்பிடக் கடையில் திருடுகிறாள். தூங்க இடம் வேண்டும் என்று உடலை விற்கிறாள். இப்போது ‘உண்மையான’ குற்றவாளி ஆகிவிட்டாள்.

உயிர் பிழைக்க எடுத்த வழியையே சட்டம் குற்றமாக்குகிறது என்பதுதான் வாதம். பிள்ளை பெற்றோருக்கு அடங்கியவள் என்று சட்டமும் ஊரும் சொல்லும்போது, பெற்றோரே கொடுமை செய்தால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. அவள் விலைமதிப்பும் உடலில்தான் என்று ஊர் முடிவு செய்திருப்பதால் தெருவிலும் அதே கதை. பையன்களை வைத்து எழுதிய எந்தக் கோட்பாட்டிலும் இந்தப் பாதை கிடையாது. மறுத்துப் பேசியவர்கள்கூட இந்தக் கட்டுரையைத் தாண்டிப் போக முடியவில்லை.

பெண்கள் விடுதலை பெற்றதால்தான் பெண் குற்றம் கூடியது என்கிறார்களே?

1975ல் கிளம்பிய வாதம் இது. ஃப்ரீடா ஆட்லர், பெண்கள் வேலைக்கும் பொது வாழ்வுக்கும் வருவதுபோலவே குற்றத்துக்கும் வருவார்கள் என்று எழுதினார். ஆட்லர் பெண்ணிய விரோதி இல்லை. பத்திரிகைகள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடின.

சரி, கைதான பெண்கள் யார்? வங்கியை வளைத்த நிர்வாகிகளா? பெரும்பாலும் கடையில் துணி திருடியவர்கள், போலிக் காசோலை கொடுத்தவர்கள், அரசு உதவித்தொகையில் பொய்க்கணக்கு காட்டியவர்கள். ஏழைகள், படிப்பில்லாதவர்கள், குழந்தையோடு தனியாக இருப்பவர்கள். பெண்ணிய இயக்கம் என்று ஒன்று இருப்பதே அவர்கள் காதுக்கு எட்டியிருக்குமா என்பது சந்தேகம். விடுதலை அவர்கள் வாசலுக்கு வந்திருந்தால் இந்தத் திருட்டுக்கு அவசியம் இருந்திருக்காது என்பதுதான் செஸ்னி-லிண்ட் போன்றவர்களின் பதில்.

ஆனால் பெண் பிள்ளைகளின் வன்முறை உண்மையிலேயே கூடியதாகப் புள்ளிவிவரம் இருக்கிறதே?

இருக்கிறது. அவரைப் பொதுவெளிக்கு அதிகம் இழுத்ததும் அந்தப் புள்ளிவிவரம்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அமெரிக்காவில் கைதாகும் சிறார்களில் 1980 வாக்கில் ஐந்தில் ஒருவர் பெண். 2000களில் அது மூன்றில் ஒன்றை நெருங்கியது. அடிதடி வழக்குகளில் ஏற்றம் இன்னும் செங்குத்து. 1990களில் துப்பாக்கி பிடித்த கும்பல் பெண்கள் தொலைக்காட்சிக்குக் கிடைத்தார்கள். 2000களில் நடுத்தர வர்க்கப் பள்ளிகளில் நயவஞ்சகமாகப் பேசி மற்றவர்களைக் கொடுமைப்படுத்தும் பெண்கள் கிடைத்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து ‘பெண் பிள்ளைகள் காட்டுமிராண்டிகள் ஆகிவிட்டார்கள்’ என்று ஒரே தலைப்பு.

செஸ்னி-லிண்ட் வேறு அளவுகோலை எடுத்தார். கைது என்பது போலீஸ் என்ன செய்தது என்பதன் கணக்கு. பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று அறிய அவர்களையே கேட்க வேண்டும். அரசே நாடு முழுவதும் பள்ளி மாணவர்களிடம் நடத்தும் கணக்கெடுப்பில், கடந்த ஒரு வருடத்தில் அடிதடியில் இறங்கியதாகச் சொன்ன பெண்கள் 1991ல் மூன்றில் ஒருவர். பத்து வருடம் கழித்து நான்கில் ஒருவர். கைது ஏறிக்கொண்டிருந்த அதே பத்து வருடத்தில் சண்டை குறைந்திருக்கிறது. கொலை வழக்குகளிலும் ஏற்றம் இல்லை. வன்முறை உண்மையாகவே பெருகியிருந்தால் கொலை மட்டும் எப்படிக் குறையும்?

அப்படியானால் யாரைத்தான் கைது செய்தார்கள்? பதில் வீட்டிலும் பள்ளியிலும் இருந்தது. முன்பு தாயோடு சண்டை போட்ட பெண் ‘அடங்காத பிள்ளை’ என்று வருவாள். 1974 சட்டத்துக்குப் பிறகு அந்தப் பெயரில் அடைக்க முடியாது. அதே சண்டை இப்போது ‘தாக்குதல்’ ஆனது. அவர் எடுத்துக்காட்டும் கலிபோர்னியா ஆய்வு ஒன்றில், தாக்குதல் வழக்கில் வந்த ஒரு பெண் செய்தது என்னவென்றால் தாய் மீது பிஸ்கட்டை எறிந்தது. பள்ளிகளில் சிறு தள்ளுமுள்ளுக்கும் போலீசைக் கூப்பிடும் ‘துளியும் பொறுக்கமாட்டோம்’ கொள்கை வந்தபோது, முன்பு தலைமை ஆசிரியர் அறையில் முடிந்தது நீதிமன்றத்துக்குப் போனது.

இதை அவர் மட்டும் சொல்லவில்லை. டாரல் ஸ்டெஃபென்ஸ்மையர் குழுவினர் 2005ல் வேறு தரவுகளை வைத்து ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார்கள். அமெரிக்க நீதித்துறை அமைத்த பெண் பிள்ளைகள் ஆய்வுக் குழு 2008ல் தந்த அறிக்கையும் அந்தப் பக்கமே சாய்ந்தது (அந்தக் குழுவில் அவரும் இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்). 2010 ஏப்ரலில், சக மாணவர்கள் கொடுமைப்படுத்தியதாகச் சொல்லப்பட்ட ஒரு மாணவியின் தற்கொலையை வைத்து நாடே பெண் பிள்ளைகளின் கொடூரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, மைக் மேல்ஸுடன் சேர்ந்து நியூயார்க் டைம்ஸில் எழுதினார். கைது, பாதிக்கப்பட்டோர் கணக்கெடுப்பு என்று ஒவ்வொரு தரவாக வைத்து, பெண் பிள்ளைகளின் வன்முறை குறைந்துதான் வருகிறது என்று காட்டிய கட்டுரை. அந்தச் சூட்டில் அதை எழுதத் துணிச்சல் வேண்டும். ஒரு பிள்ளை செத்திருக்கும்போது எண்களைக் காட்டிப் பேசுகிறவரை யாருக்கும் பிடிக்காது.

குடும்ப வன்முறைக்குக் கட்டாயக் கைது வேண்டும் என்று கேட்டதே பெண்ணியவாதிகள்தானே?

ஆமாம். அவருடைய எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான், ஏனென்றால் இங்கே அவர் சொந்தக் கூடாரத்தைப் பார்த்துப் பேசுகிறார்.

1980கள் வரை மனைவியை அடித்தவனைப் போலீஸ் கைது செய்வது அரிது. “வெளியே கொஞ்சம் நடந்துவிட்டு வா” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். 1984ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. லாரன்ஸ் ஷெர்மனும் ரிச்சர்ட் பெர்க்கும் மினியாபொலிஸில் நடத்திய சோதனையில், கைதான ஆண்கள் மறுபடி அடிப்பது குறைவு என்று தெரிந்தது. கனெக்டிகட்டின் டோரிங்டன் நகரத்தில், கணவன் கத்தியால் குத்தும்வரை காப்பாற்றாத போலீஸ் மீது ட்ரேசி தர்மன் தொடுத்த வழக்கில், இப்படி அலட்சியம் காட்டுவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நீதிமன்றம் சொன்னது. நஷ்ட ஈடு லட்சக்கணக்கான டாலர். மாநிலம் மாநிலமாகச் சட்டத்தை மாற்றினார்கள். குடும்ப வன்முறை என்றால் கைது செய்தே ஆக வேண்டும்.

பெண்கள் இயக்கத்துக்கு வெற்றி. ஆனால் வாசலில் நிற்கும் போலீஸ்காரருக்கு யார் பல வருடமாக அடிக்கிறார், யார் இன்றைக்குத் திருப்பி அடித்தார் என்று தெரியாது. தெரிந்துகொள்ள மெனக்கெடவும் மாட்டார். இருவர் உடம்பிலும் கீறல், இருவரையும் ஏற்று. கலிபோர்னியாவில் குடும்ப வன்முறைக்குக் கைதானவர்களில் 1988ல் சுமார் 6 சதவீதம் பெண்கள். பத்து வருடத்தில் அது 16 சதவீதத்தைத் தாண்டியது. பெண் பிள்ளைகளும் இதே வலையில் விழுந்தார்கள், ஏனென்றால் தாய்க்கும் மகளுக்கும் நடக்கும் சண்டையும் சட்டத்தின் கண்ணில் குடும்ப வன்முறை. 2002ல் எழுதிய கட்டுரையில், பாதிக்கப்படுவதையே குற்றமாக்கிவிட்டோம் என்று வெளிப்படையாகவே எழுதினார்.

போலீஸை நம்பிப் பெண்களுக்கு நீதி தேடலாமா என்ற சண்டை அமெரிக்கப் பெண்ணியத்துக்குள் இன்றும் தீரவில்லை. அந்தச் சண்டையில் இரு பக்கமும் இந்த எண்களைத்தான் எடுத்து வைக்கிறார்கள்.

கும்பல்களில் இருந்த பெண்களைப் பற்றியும் எழுதினாராமே?

1990களில் ஹவாய் சட்டமன்றம் இளைஞர் கும்பல்களைச் சமாளிக்க ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதை மதிப்பிடும் வேலை பல்கலைக்கழகத்துக்கு வந்தது. அப்போது கேரன் ஜோவுடன் சேர்ந்து பையன்களையும் பெண்களையும் உட்கார வைத்துப் பேசினார். சமோவா, பிலிப்பைன்ஸ், ஹவாய்ப் பூர்வகுடிக் குடும்பங்களின் ஏழைப் பிள்ளைகள். 1995ல் கட்டுரை வந்தது. தொலைக்காட்சி காட்டிய ரத்தவெறிப் பெண்கள் அதில் இல்லை. வீட்டில் அடி, கையில் காசில்லை, ஊரில் செய்ய ஒன்றுமில்லை. கும்பல்தான் அவர்களுக்கு இன்னொரு குடும்பம். பையன்கள் சண்டையைப் பெருமையாகச் சொன்னார்கள். பெண்கள் சொன்ன பிரச்சினைகள் பெரும்பாலும் வீட்டிலிருந்து வந்தவை.

சமத்துவம் கேட்டால் சிறையிலும் சமத்துவம் வரும்தானே? இதில் குறை சொல்ல என்ன?

பழிவாங்கும் சமத்துவம் என்று அவர் பெயர் வைத்தது இதற்குத்தான். 1980ல் அமெரிக்கச் சிறைகளிலும் உள்ளூர்க் காவல் சிறைகளிலும் இருந்த பெண்கள் சுமார் 26,000. 2019ல் 2,22,000. பெண்கள் எட்டு மடங்கு கெட்டுப்போகவில்லை. போதைப்பொருள் வழக்குகளுக்குக் குறைந்தபட்சத் தண்டனையைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். குழந்தை இருக்கிறது, காதலன் சொன்னதால் பொட்டலத்தை வைத்திருந்தாள் என்றெல்லாம் நீதிபதி பார்க்க முடியாது. ஆணும் பெண்ணும் ஒன்று என்றார்கள், ஒரே அளவு போட்டார்கள்.

இதன் உச்சம் அரிசோனாவில். மரிகோபா மாவட்டத்தின் ஷெரிஃப், அதாவது மாவட்டச் சிறைகளையும் கவனிக்கும் காவல் தலைவர், ஜோ அர்பயோ 1996ல் பெண் கைதிகளையும் சங்கிலியில் கோத்துத் தெரு வேலைக்கு அனுப்பினார். பெண்களுக்குப் பாகுபாடு காட்டமாட்டேன் என்பதுதான் அவர் சொன்ன காரணம். செஸ்னி-லிண்ட் இதைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவார். கர்ப்பிணிகளுக்கான மருத்துவம், குழந்தையைப் பார்க்கும் வசதி என்று வரும்போது ஆண்களுக்காகக் கட்டிய சிறைதான் அளவுகோல். தண்டனை என்று வரும்போது மட்டும் சமத்துவம் நினைவுக்கு வருகிறது.

ஹவாயில் அவருடைய பேச்சுக்கு ஏதாவது பலன் இருந்ததா?

ஹவாய் அரசு 1995 முதல் தன் கைதிகளைக் கடல் தாண்டி அமெரிக்கப் பெருநிலத்தில் இருந்த தனியார் சிறைகளுக்கு அனுப்பத் தொடங்கியது. இடமில்லை, அங்கே செலவும் குறைவு என்றார்கள். பெண்களையும் அனுப்பினார்கள். ஒரு தாய் ஹவாயில் கைதாகி, பசிபிக் கடலைத் தாண்டி, கென்டக்கி மலைகளில் இருந்த ஆட்டர் க்ரீக் சிறையில் கிடப்பாள். எந்தப் பாட்டி பேரக்குழந்தையைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போவார்? 2009ல் அங்கே காவலர்கள் பெண் கைதிகளைப் பாலியல் கொடுமை செய்ததாகப் புகார்கள் வெடித்தன. ஹவாய் அரசு 160க்கும் மேற்பட்ட தன் பெண் கைதிகளைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

அடுத்த வருடம் வெளியான ‘தி வேல்யூ ஆஃப் ஹவாய்’ தொகுப்பில், சிறைகள் பற்றிய கட்டுரையைக் கைதிகளின் உரிமைக்காகப் போராடும் கேட் பிரேடியுடன் சேர்ந்து எழுதினார். அதே 2010ல் ஹவாய்ப் பூர்வகுடி விவகார அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மக்கள்தொகையில் 24 சதவீதம் இருக்கும் பூர்வகுடிகள் சிறையில் 39 சதவீதம் என்றது. நிலத்தை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் சிறையை நிரப்புகிறார்கள்.

2022ல் கைலுவா ஊரில் உள்ள மாநிலச் சிறார் சிறையில் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்தது. முதல்முறையாக ஒரு பெண் பிள்ளைகூட உள்ளே இல்லை. இதை அவர் ஒருவர் கணக்கில் எழுத முடியாது. 2004ல் நீதிபதி கேரன் ரேடியஸ் தொடங்கிய பெண் பிள்ளைகளுக்கான தனி நீதிமன்றம், 2014ன் சிறார் நீதிச் சீர்திருத்தச் சட்டம், பூட்டை நம்பாத சிறை நிர்வாகி மார்க் பேட்டர்சன் என்று பலர் கை அதில் உண்டு. ஆனால் அந்த ஊரில், ஓடிப்போன பெண்ணை அடைத்து என்ன சாதித்தீர்கள் என்று பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பேராசிரியர் இருந்தார் என்பது சும்மா இல்லை.

பேராசிரியர் ஒருவர் இப்படிப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தால் ஆய்வின் நடுநிலை போகாதா?

இந்தக் கேள்வி பெண்ணியவாதிகளிடம்தான் அதிகம் கேட்கப்படுகிறது. 1995ல் ‘மகா வேட்டையர்கள்’ என்று ஒரு தலைமுறைச் சிறுவர்களே ரத்தவெறியோடு வரப்போவதாக எச்சரித்த ஜான் டியூலியோவும் பேராசிரியர்தான். அந்தத் தலைமுறை வளர்ந்தபோது சிறார் குற்றம் சரிந்தது. அதற்குள் பிள்ளைகளைப் பெரியவர்களாக நடத்தும் சட்டங்கள் வந்துவிட்டன. நிபுணர்கள் வாயை மூடிக்கொண்டால் அந்த இடம் காலியாக இருக்காது, பயமுறுத்துகிறவர்கள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். 2006ல் ‘ஃபெமினிஸ்ட் கிரிமினாலஜி’ இதழ் தொடங்கியபோது, முதல் இதழிலேயே பெண்ணியத்துக்கு எதிரான அலை வீசும் காலத்தில் குற்றவியல் என்ன செய்ய வேண்டும் என்று எழுதினார்.

அவர் மீது விமர்சனமே இல்லையா?

நிறைய இருக்கிறது, சிலது வலுவானது.

பெண் குற்றவாளியை எப்போதும் பாதிக்கப்பட்டவளாகவே காட்டினால் அவள் சுயமாக எதையும் தீர்மானிக்காதவள் ஆகிவிடுகிறாள் என்பது ஒன்று. கோபத்தில் அடிக்கும் பெண்ணும் உண்டு, பணத்துக்காகத் திருடும் பெண்ணும் உண்டு. கட்டுரைகளில் அவர் இதை ஒப்புக்கொள்கிறார், ஆனால் மேடையில் பேசும்போது ஓடிப்போன அந்தப் பிள்ளையின் கதைதான் முன்னால் நிற்கிறது.

இரண்டாவது, இனம். பெத் ரிச்சி 1996ல் கறுப்பினப் பெண்களைப் பற்றி எழுதிய ஆய்வும், ஹிலரி பாட்டர் 2006ல் முன்வைத்த கறுப்பினப் பெண்ணியக் குற்றவியலும், ‘பெண்’ என்று பொதுவாகப் பேசும்போது யார் தொலைந்துபோகிறார்கள் என்று கேட்டன. செஸ்னி-லிண்ட் இனத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. வெள்ளைப் பெண்ணுக்குச் சிகிச்சை, கறுப்புப் பெண்ணுக்குச் சிறை என்று இரண்டு பாதை ஓடுவதை அவரே காட்டியிருக்கிறார். இருந்தாலும் 1989 கட்டுரையின் சட்டகத்தில் இனம் பின்னால்தான் வருகிறது. இந்த விமர்சனம் சரி என்றுதான் நினைக்கிறேன்.

வன்முறை ஏற்றம் முழுக்கவே போலீஸ் கணக்கால் வந்ததா, இல்லை ஒரு சிறு பங்கு உண்மையா என்ற தர்க்கமும் இருக்கிறது. ஏழ்மை மிகுந்த நகரப் பகுதிகளில் நேரில் இருந்து ஆராய்ந்தவர்கள், அங்கே பெண் பிள்ளைகள் தற்காப்புக்காகச் சண்டை போடப் பழகுகிறார்கள் என்கிறார்கள். அவர்களில் ஒருவரான நிக்கி ஜோன்ஸுடன் சேர்ந்தே 2010ல் ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார் செஸ்னி-லிண்ட். வேறு கோணத்தில் பார்ப்பவரோடு சண்டை போடாமல் புத்தகம் போடுவது கல்வித்துறையில் அவ்வளவு சகஜமில்லை.

விருதுகள்?

ராண்டல் ஷெல்டனுடன் எழுதிய ‘கேர்ள்ஸ், டெலிங்க்வென்சி அண்ட் ஜுவனைல் ஜஸ்டிஸ்’ புத்தகத்துக்குக் அமெரிக்கக் குற்றவியல் சங்கம் சிறந்த நூலுக்குத் தரும் ஹிண்டலாங் விருது. அமெரிக்க மேற்கு மாநிலங்களின் குற்றவியல் சங்கம் அவர் பெயரிலேயே ஒரு விருது வைத்திருக்கிறது.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

1989 கட்டுரையிலிருந்து. நீளம் குறைவு, மொழி எளிது. அப்புறம் 1997ல் வந்த ‘தி ஃபீமேல் அஃபெண்டர்’. லிசா பாஸ்கோ சேர்ந்து எழுதிய பிந்தைய பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள், எண்கள் புதியவை. கேத்ரின் இர்வினுடன் எழுதிய ‘பியாண்ட் பேட் கேர்ள்ஸ்’ ஊடகப் பீதி பற்றியது. ஆசிரியர்களும் பத்திரிகையாளர்களும் அதிலிருந்தே தொடங்கலாம். மார்க் மௌவருடன் தொகுத்த ‘இன்விசிபிள் பனிஷ்மெண்ட்’ சிறையிலிருந்து வெளியே வந்த பிறகும் தொடரும் தண்டனைகளைப் பற்றியது. வாக்குரிமை, வீடு, வேலை, பிள்ளைகள் மீதான உரிமை என்று ஒவ்வொன்றாகப் பறிபோவதைச் சொல்கிறது. பெண் பிள்ளைகள் என்ற தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே போனாலும், மற்ற மூன்றையும் முடித்த பிறகு அதையும் எடுக்கலாம்.